கோகிலாவின் பெயர் யார் கைக்குப் போனது

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் சிரித்தேன், "நல்லா இரு சாமி" என்றும் சொன்னேன். அந்தச் சிரிப்பு நிஜமில்லை. பெங்களூர் விளம்பரக் கம்பெனியின் நேர்முகத் தேர்வில், நீயாகச் செய்த வேலை ஏதாவது இருந்தால் காட்டு என்று கேட்டார்களாம். மூன்று வருடத்துக்கு முன் நம் ஹோம்ஸ்டேவுக்குப் போட்ட விளம்பரத்தை நீ காட்டினாயாம். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கூப்பிட்டு அறை கேட்டார்கள் என்று நீ எடுத்துச் சொன்ன விதம் அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டதாம். "நம்ம ஊட்டு வெளம்பரந்தாம்மா எனக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு" என்றாய். பக்கத்தில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்த உன் அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. தெரியாமலே நீ அதே வேலைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

இதைப் போனில் சொல்லாமல் பேப்பரில் எழுதுகிறேனே என்று உனக்குச் சிரிப்பு வரும். இப்போதெல்லாம் முக்கியமான பேச்சு என்றால் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் பேசுகிறேன். அது ஒட்டுக் கேட்பதில்லை என்று நீ ஒருமுறை எனக்குப் பொறுமையாக விளக்கினாய். இருக்கலாம். ஆனால் காது இல்லாமலேயே அதற்கு எவ்வளவு தெரிந்துவிடுகிறது, தெரிந்ததை அது யார் யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். கோகிலாவை ஞாபகம் இருக்கிறதல்லவா? அவளுக்கு நடந்ததைப் பற்றி நாங்கள் உனக்குச் சொன்னது முழுக்கதை இல்லை. அதில் பெரிய பொய் ஒன்று இருந்தது. சொன்ன அன்று அது பொய் என்று எனக்கே தெரியாது. தெரிந்த பிறகும் நான் அதைத் திருத்தவில்லை. என் தப்பு அங்கேதான்.

நான் சந்தேகப் பிராணி என்பது நீ அறிந்ததுதான். நீ நாலாவது படிக்கும்போது பால்காரரிடம் பால் தண்ணியாக இருக்கிறது என்று வாசலில் நின்று சண்டை போட்டேன். அந்த மனிதர் சத்தியம் செய்தார், நான் நம்பவில்லை. கடைசியில் பார்த்தால் உன் அப்பாதான் காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் பாலை எடுத்துக் காபி போட்டுக் குடித்துவிட்டு, குறைந்தது எனக்குத் தெரியக் கூடாதென்று தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார். நீ அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாய். மனிதர்களைச் சந்தேகப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் இருக்கும் போனைச் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

கோகிலா வந்த அன்று நீ ஊரில் இல்லை, சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். அவளைக் கூட்டிவந்தது பழனிசாமி அண்ணன்தான். ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றும் அவருடைய ஜீப் அன்று நம் வாசலில் வந்து நின்றது. ஆட்கள் எல்லாரும் உள்ளேயே இருக்க, அவர் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "அம்மிணி, இந்தப் புள்ள ஏதாச்சும் வேலை கெடைக்குமான்னு வண்டில எல்லார்த்தையும் கேட்டுக்கிட்டே வருதுங்க. கையில ஒரு பையி மட்டுந்தான் இருக்குது. எனக்கென்னமோ திரும்பிப் போற எடம் இல்லாத புள்ளயாட்டத் தெரியுது. உங்க ஊட்டுச் சமையலுக்குத்தான் ஆளு தேடிட்டிருந்தீங்களே" என்றார். நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். முழங்கைக்கு மேல் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று. நான் அதைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பத்து நாளில் அவளே சொன்னாள். ராசிபுரம் பக்கம் புகுந்த வீடு. கல்யாணமாகி நாலு வருடம். அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டு தடவை அம்மா வீட்டுக்கு ஓடிப்போயிருக்கிறாள், இரண்டு தடவையும் பெரியவர்கள் கூடிப் பேசித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல் சேலத்துக்கு வந்து, முதலில் நின்ற பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அது ஏற்காடு பஸ். "நான் இங்க இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா என்னை உசுரோட உட மாட்டாங்க" என்றாள். நம் வீட்டில் மூன்று பேருக்கும் பழனிசாமி அண்ணனுக்கும் தவிர அவள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்து தங்குகிறவர்கள் கேட்டால் என் சித்தி மகள் என்று சொல்லிவைத்தேன்.

அவளிடம் ஒரு போன் இருந்தது. எண்ணை மாற்றிவிட்டாள். ஆனால் சமூக வலைத்தளத்தில் இருந்த பழைய கணக்கை மட்டும் விடவில்லை. அதில் எதுவும் எழுத மாட்டாள், படம் போட மாட்டாள். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்துவிட்டுச் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து தன் தங்கச்சி போடும் குழந்தைப் படங்களைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மூடிவிடுவாள். "நான் இருக்கறதே யாருக்கும் தெரியாதுக்கா, சும்மா பாக்கத்தான் பாக்கறேன்" என்பாள். நானும் நம்பினேன். சும்மா பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் லீவில் வந்தாய். நாலு அறையில் இரண்டு எப்போதும் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அதே வலைத்தளத்தில் நம் வீட்டுக்கு ஒரு பக்கம் ஆரம்பித்து விளம்பரம் கொடுக்கலாம் என்றாய். காப்பிச் செடிக்கு நடுவில் வீடு தெரிகிற மாதிரி படம் எடுத்தாய். போன் நம்பர் போட்டாய், வழி காட்டும் வரைபடம் போட்டாய். வந்து தங்கியவர்கள் பேரும் நம்பரும் எழுதும் பெரிய நோட்டை என்னிடம் கேட்டாய். "எதுக்குக் கண்ணு?" என்றேன். "இந்த நம்பரையெல்லாம் ஏத்திவுட்டா, இவங்களை மாதிரியே இருக்கறவங்களை அதுவே தேடிக் கண்டுபுடிக்கும்மா" என்றாய். கொடுத்துவிட்டேன். போலீஸ் கேட்டால் காட்டுவதற்காக எழுதி வாங்கிய நோட்டு அது. வேறு எதற்கும் இல்லை என்று நம்பித்தான் ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒருவரையாவது கேட்டோமா? இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் அதைவிடப் பெரிய உறுத்தல் அடுத்து நடந்தது.

முதலில் நாலு பேருக்குப் பிடித்திருந்தால்தான் மற்றவர்கள் நம்புவார்கள் என்று சொல்லி, எங்கள் எல்லாரையும் அந்தப் பக்கத்துக்கு லைக் போடச் சொன்னாய். அப்பா போட்டார். நான் போட்டேன். கோகிலா தயங்கினாள். "எனக்கு வேண்டாமுங்க தம்பி" என்றாள். நீ வற்புறுத்தவில்லை, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான்தான் சொன்னேன். "அட, அமுக்கு கண்ணு. நீ ஒண்ணும் எழுதப் போறதில்லையே. நம்ம ஊட்டுக்குத்தானே" என்றேன். எனக்காக அமுக்கினாள்.

விளம்பரம் ஓடியது. போன் வந்துகொண்டே இருந்தது. திருவிழாவுக்கு நாலு அறையும் நிறைந்தது. நீ ஹாஸ்டலுக்குத் திரும்பிய பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நான் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்கள் இறங்கினார்கள். அறை கேட்டு வந்தவர்கள் என்று நினைத்து எழுந்தேன். முன்னால் வந்தவன் சிரித்துக்கொண்டே, "கோகிலா இருக்குதுங்களா? நான் அவ ஊட்டுக்காரன்" என்றான். நம் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. சமையலறைக்குக் கேட்கும்படி சத்தமாக, "கோகிலாவா? அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றேன். அவன் என்னை ஒதுக்கிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனான். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. அவளுடைய செருப்பு இரண்டும் கதவோரம் கிடந்தது. வெறுங்காலோடு காப்பி எஸ்டேட்டுக்குள் ஓடியிருந்தாள்.

அவன் அந்தச் செருப்பைக் காலால் தள்ளினான். "ஏனுங்க பொய் சொல்றீங்க? உங்க ஊட்ல இருந்தேதான் சேதி வந்துச்சு" என்றான். அறைகளில் தங்கியிருந்த இரண்டு குடும்பங்களும் வெளியே வந்து பார்க்கவும், குரலைத் தாழ்த்தி, "எங்க போயிருவா, மலையை உட்டுக் கீழ எறங்கித்தானே ஆகோணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உங்க ஊட்ல இருந்தேதான் சேதி வந்துச்சு. அந்த ஒரு வார்த்தைதான் என் மண்டைக்குள் சுற்றியது. நம் வீட்டிலிருந்து யார் சொல்லியிருக்க முடியும்? நீ சொல்ல மாட்டாய், அப்பா சொல்ல மாட்டார். மிச்சம் ஒருவர்தான். அதற்கு முந்தின வாரம்தான் பழனிசாமி அண்ணன் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கென்று போய் வந்திருந்தார். எங்கே என்று நினைக்கிறாய்? ராசிபுரத்துக்கு.

அரை மணியில் அப்பா தான் வேலை பார்க்கும் எஸ்டேட் ஆபீசிலிருந்து போன் செய்தார். கோகிலா அங்கேயே ஓடிவந்துவிட்டாள் என்றும், கணக்கெழுதும் ரைட்டர் அறைக்குப் பின்னால் இருக்கும் கொட்டடியில் உட்கார வைத்திருப்பதாகவும், பெண்ணாட்கள் இரண்டு பேர் கூட இருப்பதாகவும் சொன்னார். மத்தியானம் பழனிசாமி அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடமிருந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். "அம்மிணி, அந்தக் காரு ஏற்காடு பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்குதுங்க. என் கண்ணால பாத்துட்டுத்தான் வாறேன். அந்தப் புள்ளய பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிராதீங்க. நம்ம வண்டில படுதாவை எறக்கிவுட்டுக் குப்பனூர் ரோட்டு வழியா கீழ கொண்டுபோயி உட்டுர்றேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. "ஏனுங்கண்ணா, காதுகுத்துக்குப் போன எடத்துல வாயி சும்மா இருக்கலீங்களா?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "இப்ப வண்டில ஏத்திக்கிட்டுப் போயி நேரா அவன் கையிலயே ஒப்படைச்சிரலாம்னு பாக்கறீங்களா?" என்று கத்தினேன். தங்கியிருந்த இரண்டு குடும்பமும் கேட்டது, மிளகு பறிக்க வந்த ஆட்கள் கேட்டார்கள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "நான் என்னுங்க அம்மிணி பண்ணுனேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். திரும்பி நடந்து போய்விட்டார்.

அதோடு என் கெட்டிக்காரத்தனம் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கார் நிற்கிறது என்று அவர் சொன்னதே பொய் என்று முடிவு கட்டினேன். நம்மைப் பயமுறுத்தித் தன் வண்டிக்குள் ஏற்றுவதற்காகச் சொல்கிறார், எனவே பஸ்தான் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டேன். உன் அப்பா வேண்டாம் என்றார். "பழனிசாமி மச்சான் அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்றார். நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சக்குட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் கோகிலாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டில் இறங்கினேன். சேலம் பஸ் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பத்தடியை அவள் தாண்டவில்லை. டீக்கடை ஓரத்திலிருந்து அவன் வந்தான். அவள் கையைப் பிடித்து முறுக்கி இழுத்தான். அவள் பஸ் படியில் போய் விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது என்று நான் சொன்னால் நீ நம்ப வேண்டாம், ஆனால் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. கண்டக்டரும் பழக்கடைப் பெண்களும் ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. கோகிலாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டார்கள். அவள் எழுத்தில் புகார் கொடுத்தாள், அவளுக்கு அது பெரிய தைரியம். அதன்பிறகு வேறோர் ஊருக்குப் போய்விட்டாள். அது எந்த ஊர் என்று இந்தக் கடிதத்திலும் நான் எழுத மாட்டேன்.

அந்தக் கார் பழனிசாமி அண்ணன் சொன்ன இடத்திலேயே நின்றிருந்தது. அதைப் பார்த்த பிறகாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கோ, இவர்தானே அவர்களை அங்கே நிற்கச் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. சந்தேகம் பிடித்துவிட்டால் எதைப் பார்த்தாலும் அதற்குச் சாட்சியாகத்தான் தெரியும். அடுத்த வாரம் நீ வந்தபோது உன்னிடமும் அப்படியே சொன்னேன். நீ கோபமாகப் போய் ஜீப் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து, "மாமான்னு கூப்பிட்டதுக்கு நொம்ப நல்லாப் பண்ணீட்டீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். அவர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரடியூர் வரை காட்டுப்பன்றி பார்க்கப் போனவர். நான் உன்னைத் தடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஓமலூரிலிருந்து என் தங்கச்சி கூப்பிட்டாள். ஏதேதோ பேசிவிட்டு, "அக்கா, உங்க ஊட்டு வெளம்பரம் எம் போன்ல அடிக்கடி வருதே. அதுக்கு மேல உம் பேரப் போட்டு உனக்குப் புடிச்சிருக்குன்னு வேற காட்டுது. உங்க ஊட்ட நீயே புடிச்சிருக்குன்னு சொல்லிக்கறியாக்கும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்குப் புடிச்சிருக்குன்னு உனக்கெப்படி வந்துச்சு?" என்றேன். "நீயும் நானும் அதுல பிரெண்டுதானே. தெரிஞ்சவங்க பேரப் போட்டுத்தான் காட்டுவாங்களாமே" என்றாள். போனை வைத்துவிட்டு, பிசைந்த மாவு கையில் காய்கிற வரை அப்படியே நின்றேன். கோகிலாவின் பழைய கணக்கு. அதில் அவளுடைய நாத்தனார் இருந்தாள். அவளை நீக்கினால் எங்கிருந்தோ நீக்குகிறாள் என்று தெரிந்துவிடுமென்று பயந்து இவள் நீக்காமலே வைத்திருந்தாள். நம் வீட்டுப் படம், நம் நம்பர், வீட்டுக்கு வரும் வழி, எல்லாவற்றுக்கும் மேலே கோகிலாவின் பெயர். அது நாத்தனார் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு கோகிலாவிடம் கேட்டேன். போலீஸ் விசாரணையில் அவள் புருஷன் அதைத்தான் சொன்னானாம். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. நீ வருத்தப்படுவாய் என்று எங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

ஆமாம் சாமி, சேதி நம் வீட்டிலிருந்துதான் போயிற்று. அவன் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

அன்றைக்குப் போனை எடுத்து உட்கார்ந்து, செட்டிங்ஸ் என்கிற அந்த அமைப்புகளுக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எட்டாவது வரை படித்த எனக்கு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. ஒரு கதவுக்குள் இன்னொரு கதவு. 'விளம்பரங்களில் உங்கள் பெயரையும் செயலையும் யார் பார்க்கலாம்' என்று ஒன்று இருந்தது. 'நண்பர்கள்' என்று ஏற்கெனவே அவர்களே தேர்ந்துவைத்திருந்தார்கள். 'யாரும் வேண்டாம்' என்று மாற்றுவதற்கு ஒரு விரல் தொட்டால் போதும். அந்த ஒரு தொடல் விளம்பரம் ஓடுவதற்கு முன்னால் கோகிலாவின் போனில் நடந்திருந்தால் அவள் மணிக்கட்டு முறிந்திருக்காது. அதற்குக் கீழே, நான் வேறு கடைகளிலும் வேறு செயலிகளிலும் செய்வதையெல்லாம் விளம்பரக்காரர்கள் இவர்களிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தது. அதற்கும் ஆமாம் என்று நான் சொன்னதாகவே இருந்தது. நான் எப்போது சொன்னேன்? என் வயது, என் ஊர், எனக்குச் சர்க்கரை இருக்கலாம் என்கிற ஊகம் வரைக்கும் அங்கே ஒரு பட்டியல் கிடந்தது. எல்லாவற்றையும் அணைத்தேன். அணைத்ததும், இதனால் உங்களுக்குப் பொருத்தமில்லாத விளம்பரங்கள் வரலாம் என்று எச்சரித்தது. வரட்டும். உண்மையிலேயே அணைந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். மாதம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்குப் பரீட்சை நேரம் என்று முதலில் தள்ளிப்போட்டேன். அப்புறம் வேலை தேடுகிற நேரம். உண்மையைச் சொல்வதானால், உன் கையால் நடந்தது என்று நீ அறிவதை நான் விரும்பவில்லை. பழனிசாமி அண்ணனிடம் போனேன். "தப்பாப் பேசிட்டனுங்கண்ணா, வேற வழில தெரிஞ்சிருக்குதுங்க" என்றேன். "எந்த வழில அம்மிணி?" என்றார். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் உன் பெயர் வரும். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றார். அது மன்னித்த 'சரிங்க' இல்லை. அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு ஆள் கொண்டுவந்து இறக்கினாலும் வண்டியை விட்டு இறங்க மாட்டார். அப்பாவோடு பேசுவதும் போயிற்று. ஜீப்பில் ஏறும் பெண்பிள்ளைகள் சிலர் அவர் முன்னால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மூன்று வருடம் அவரை அந்தப் பழியோடு நிற்க வைத்தேன்.

உன் போன் வந்த மறுநாள் காலை நான் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஏழெட்டுப் பேர் வண்டிக்குக் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அண்ணா, அந்தப் புள்ளயக் காட்டிக் குடுத்தது நீங்க இல்லீங்க. எங்க ஊட்டு வெளம்பரம். அவ பேரைப் போட்டு அவ நாத்தனாருக்கே காட்டீருச்சு. எம் பையன் போட்ட வெளம்பரம். அமுக்கச் சொன்னது நானு. மூணு வருசமாத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நானு." அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், "தம்பிக்கு இது தெரியுங்களா?" என்றார். தெரியாது என்றேன். "இப்ப எங்க வேலை பாக்கறான்?" சொன்னேன். அவர் வண்டியை விட்டு இறங்கினார். "மொதல்ல அவனுக்குச் சொல்லுங்க அம்மிணி. எனக்குச் சொன்னது அப்புறம். அங்க உக்காந்துக்கிட்டு இன்னும் எத்தனை பேரு பேரை எங்கெங்க அனுப்பறானோ" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். உன்னைக் குற்றவாளி ஆக்குவதற்கு இல்லை. உனக்கு அப்போது இருபது வயது, அந்தக் கம்பெனி என்ன செய்யும் என்று உன்னிடமும் யாரும் சொல்லவில்லை. கோகிலாவிடம் நான் அழுதபோது, "தம்பி என்னக்கா பண்ணும், நாந்தானே அமுக்குனேன்" என்றாள். அவளும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாள். நானும் என்னைச் சொல்லிக்கொள்கிறேன். இதைப் படித்ததும் நீயும் அதையே செய்வாய். மூன்று பேரும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டால், அப்படி அமைத்துவைத்தவர்களுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. அவர்களுக்கு அதுதான் வசதி. அதையும் நீ யோசி.

உன் வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு மனமில்லை, அது நீ ஆசைப்பட்டுப் போனது. ஆனால் உன் மேசைக்கு ஒரு பட்டியல் வரும்போது, இதில் இருப்பவர்கள் இதற்காகத்தான் கொடுத்தார்களா என்று உன் மேலதிகாரியிடம் கேள். கேட்பது பிடிக்காதவர்களாக இருந்தால், அவர்களைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது அதிலேயே இருக்கிறது. தெரிந்தவர் பெயரைப் போட்டுக் காட்டினால் நிறையப் பேர் தொடுவார்கள் என்று உனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். உண்மைதான், நிறையப் பேர் தொட்டார்கள். அதில் ஒருத்தி காரை அனுப்பினாள். நேர்முகத் தேர்வில் நீ சொன்ன அந்த எண்ணிக்கையில் அவளும் ஒருத்தி. புதிய சட்டம் வந்திருக்கிறது, இனிமேல் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று செய்தியில் சொல்கிறார்கள். வரட்டும், பார்ப்போம். நான் இன்னும் நம்பத் தொடங்கவில்லை. நம் வீட்டுப் பக்கத்தை உன் அப்பா எடுத்துவிட்டார். அந்தப் பெரிய நோட்டை ஏற்றினாயே, அதைத் திரும்ப எடுக்க வழி இருந்தால் எடுத்துவிடு. வழி இல்லை என்றால் இல்லை என்று எனக்குச் சொல், மறைக்காதே.

இதைப் படித்ததும் கூப்பிடாதே கண்ணு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வா. ஏற்காட்டில் இறங்கி ஸ்டாண்டுக்கு நட. பழனிசாமி மாமா வண்டி காலை எட்டரைக்குக் கிளம்பும். முன் சீட்டில் ஏறி உட்கார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தர மாட்டேன். நம் வாசல் வருவதற்குள் நீயாகவே ஏதாவது சொல். வண்டி நின்றதும் அவரையும் இறங்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு உள்ளே வா.

உன் அம்மா